உலகம்மாள் முட்டு எந்தக் கட்சி?

அண்ணாச்சி, அந்த எக்ஸ்ரே கவர மடக்காதீய. மடக்குனா படத்துல கோடு விழுந்திரும். அந்தக் கோட்டப் பாத்துட்டு இன்னொரு எலும்பும் முறிஞ்சிருக்குன்னு சொல்லிட்டாவன்னா என்ன செய்விய? மடியில நட்டமா வச்சிக்கிடுங்க. ஆங், அப்படித்தான்.

அம்பாசமுத்திரத்துக்கா? நானும் அங்கனதான் போறேன். யாரப் பாக்கப் போறிய? ஆவுடையப்பன் டாக்டரையா, கிரேஸம்மாவையா? ஓ, வெளியூரா. அப்ப உங்களுக்கு அந்தக் கேஸு தெரியாது. இப்பமே ஆரம்பிச்சாத்தான் ஊரு போய்ச் சேரதுக்குள்ள முடிக்க முடியும். கொஞ்சம் தள்ளி உக்காருங்க.

எம்பேரு குத்தாலிங்கம். இதே பஸ் ரூட்டுல கண்டக்டரா இருந்து ரிட்டயர் ஆனவன். முதல்லயே ஒண்ணு சொல்லிருதேன். எனக்கு அடுத்தவன் சோலியில தலையிடுத பழக்கம் கிடையாது. ஒருத்தர் சொன்னத இன்னொருத்தருக்குச் சொல்லுவேன். அது தலையிடுததுல சேராது. கண்டக்டர் வேலையே அதான? பின்னால இருக்கவன் குடுத்தத முன்னால இருக்கவனுக்குக் கைமாத்தி விடுதது.

ரிட்டயர் ஆன வருசம் எனக்கு வலது தோள்பட்ட பிடிச்சுக்கிட்டு. மேல கம்பியப் பிடிச்சுத் தொங்கியே காலத்த ஓட்டுன கையில்லா? சும்மா வீட்டுல இருந்ததும் அது எந்திரிக்க மாட்டேன்னுட்டு. சட்ட போட எம் பொஞ்சாதி வடிவு வரணும். தல சீவ வடிவு வரணும். ஒரு நாள் அவ சொல்லிட்டா, "இந்த வயசுல எனக்குப் பச்சப்பிள்ள வேண்டாம், போய் டாக்டரப் பாருங்க"ன்னு.

ஆவுடையப்பன் டாக்டர்ட்ட போனேன். கைராசிக்காரரு. சுத்துப்பட்டுல எவன் மரத்துல இருந்து விழுந்தாலும் அவருட்டத்தான் தூக்கிட்டு ஓடுவாவ. படம் எடுத்தாரு, ஊசி போட்டாரு, "எலும்புல ஒண்ணும் இல்ல வே, சவ்வு இறுகிப் போச்சு. தெனமும் செவுத்துல வெரல வச்சு மேல ஏத்தும்"ன்னாரு. நான் ஏத்தல. வலிக்குதே, எப்படி ஏத்த?

அவரு ஆஸ்பத்திரிக்கு எதுத்தாப்புல மாடியிலதான் கிரேஸம்மா கிளினிக். ஒரு நாள் நானா அங்க ஏறிப் போனேன். பிசியோதெரபி. கையக் கால மடக்கி நீட்டிப் பயிற்சி குடுத்து வழிக்குக் கொண்டு வாரது. சின்ன வயசுதான், ஆனா பிடி இருக்கே, உடும்புப் பிடி. சிரிச்ச முகத்தோட, "இன்னும் கொஞ்சம் அண்ணாச்சி, இன்னும் கொஞ்சம்"னு சொல்லிச் சொல்லியே என்ன அழ வச்சிட்டாவ. செவுத்துல நான் எதுவரைக்கும் வெரல ஏத்துறேன்னு சாக்பீஸால கோடு போடுவாவ. அந்தக் கோடு ஏற ஏற எனக்கும் ஒரு வீம்பு வந்துட்டு. கடைசியில ஒரு நாள் கை காதத் தொட்டுட்டு அண்ணாச்சி! நானே எஞ்சட்டயப் போட்டேன். வடிவு கண்ணு கலங்கிட்டா.

இந்த சந்தோசத்த யாருட்ட சொல்ல? முதல்ல பாத்தது ஆவுடையப்பன் டாக்டர்லா, அவருட்டத்தான சொல்லணும். போனேன். அவரு ஆப்பரேசன்ல இருந்தாரு. சரி, காத்திருக்க இடத்துல சும்மா இருப்பானேன்னு, அங்கன உக்காந்திருந்தவியகிட்ட கையத் தூக்கிக் காமிச்சேன். அவ்வளவுதான் நான் செஞ்சது. பஸ்ஸுல 'உள்ள போ, உள்ள போ'ன்னு சொல்லிப் பழகுன சத்தம், கொஞ்சம் பெருசாத்தான் இருக்கும். பாதிப் பேரு எந்திரிச்சு எதுத்த மாடிக்குப் போயிட்டாவ. நானா போகச் சொன்னேன்? எந்த மாடின்னு கேட்டாவ, காமிச்சேன். வழி கேட்டா சொல்லாம இருக்க முடியுமா?

டாக்டர் வெளிய வந்து பாத்தா நாற்காலி எல்லாம் காலி.

"என்ன வே கண்டக்டர், கூட்டத்தக் காணும்?"

"எல்லாரும் டாக்டரம்மாட்டப் போயிருக்காவ சார்."

"எந்த டாக்டரம்மா?"

"எதுத்த மாடி கிரேஸம்மா."

அவரு முகம் ஒரு மாதிரி ஆயிட்டு. "அவங்க டாக்டர்னு யாரு வே சொன்னா?"

நியாயமான கேள்விதான? அந்தக் கேள்விய அப்படியே கொண்டு போய் கிரேஸம்மாட்டக் கேட்டேன். 'யாரு வே சொன்னா'ன்னு மட்டும் சொன்னா மொட்டையா இருக்கும்லா, அதனால அவரு முகம் போன போக்கையும் கொஞ்சம் நடிச்சுக் காமிச்சேன். கிரேஸம்மா அதுவரைக்கும் சின்ன போர்டுதான் வச்சிருந்தாவ. மறுவாரம் பாக்கேன், தெருமுனையில இருந்து தெரியுத மாதிரி, லைட்டு போட்டு, 'டாக்டர் கிரேஸ் பொன்மணி'.

அடுத்தால வக்கீல் நோட்டீஸ். அடுத்தால கோர்ட்டு.

டாக்டர் கேஸு என்னன்னா, அவிய படிச்சது பிசியோதெரபி, அதனால டாக்டர்னு போட்டு சனங்களக் குழப்பக் கூடாது. நோயக் கண்டுபிடிக்கது டாக்டர் சோலி. டாக்டர் சீட்டு எழுதி அனுப்புன ஆளத்தான் அவிய தொடணும். கிரேஸம்மா என்ன சொன்னாவன்னா, நாங்களும் காலேஜுல வருசக்கணக்காப் படிச்சுப் பட்டம் வாங்குனவங்க, டாக்டருக்கு எடுபிடி இல்ல, எங்களுக்கும் ஒரு ஆளப் பாத்து என்ன ஏதுன்னு முடிவு பண்ணத் தெரியும். சட்டத்துல எவ்வளவு தூரம் யாருக்குன்னு வக்கீலுங்க ரெண்டு பேரும் ஆளுக்கொரு புஸ்தகத்த நீட்டுனாவ. ரெண்டும் தடியாத்தான் இருந்துச்சு.

அதோட கிரேஸம்மா பதிலுக்கு ஒரு மனு போட்டாவ. ஆவுடையப்பன் டாக்டர் ஆஸ்பத்திரியில பின்னறையில கரண்டு வைக்குத மெசினும் மெழுகு ஒத்தடமும் இருக்கு, அது பிசியோதெரபி படிச்சவங்க செய்ய வேண்டிய வேல, அங்க பிச்சைக்கண்ணுன்னு ஒரு ஆளு செய்யுதாரு, அவரு முன்னால மோட்டார் காயில் கட்டுத கடையில வேல பாத்தவருன்னு. மோட்டார் கட சங்கதி எப்படி வெளிய வந்துச்சுன்னு டாக்டருக்கு ஒரே ஆச்சரியம். நான் சும்மா பேச்சுவாக்குல கிரேஸம்மாட்ட சொல்லியிருந்தேன். அது மனுவுல ஏறும்னு எனக்கென்ன தெரியும்?

பத்தமடை. இங்க கொஞ்ச நேரம் நிக்கும். தண்ணி இருக்கா? வேண்டாம், இருக்கட்டும்.

கோர்ட்டுல ஒரு இடைக்கால உத்தரவு வந்துச்சு. கேஸு முடியுத வரைக்கும் கிரேஸம்மா போர்டுல டாக்டருங்கத மறைக்கணும், சீட்டு இல்லாத ஆளப் பாக்கக் கூடாது. டாக்டரும் பின்னறையப் பூட்டணும். ரெண்டு பக்கமும் 'நாமதான் செயிச்சோம்'னு முட்டாய் குடுத்தாவ. நான் ரெண்டையும் வாங்கித் தின்னேன்.

ஆனா அதுக்கப்புறந்தான் ஊருக்குப் பிடிச்சுது சனி. டாக்டர் சீட்டு எழுத மாட்டேன்னுட்டாரு. கிரேஸம்மா சீட்டு இல்லாமப் பாக்க மாட்டேன்னுட்டாவ. கட்டுப் பிரிச்ச கை, வாதம் வந்து எந்திரிச்ச ஆளு, எல்லாரும் நடுத்தெருவுல.

அதுல மாட்டுனது எங்கொழுந்தியா உலகம்மா. வடிவுக்கு நேர் இளையவ. தையக்காரி. புருசன் போனப்புறம் அந்த மெசின மிதிச்சுத்தான் ரெண்டு பொட்டப்பிள்ளையளக் கட்டிக் குடுத்தா. மழையில வழுக்கி விழுந்து கால் முட்டுகிட்ட எலும்பு ஒடஞ்சு போச்சு. ஆவுடையப்பன் டாக்டர் பிளேட்டு வச்சு ஆப்பரேசன் பண்ணுனாரு. நல்ல ஆப்பரேசன், குறையே சொல்ல முடியாது. ஆனா கட்டுப் பிரிச்சதும் முட்டு மடங்கல. கம்பு மாதிரி நீட்டிக்கிட்டு நிக்கி. பயிற்சி குடுத்தாத்தான் மடங்கும். நாளு போகப் போக இறுகிரும், அப்புறம் ஆண்டவன் வந்தாலும் மடங்காதுங்காவ.

நான் அவளுக்காக டாக்டர்ட்ட போய்ச் சீட்டு கேட்டேன். "உம்ம டாக்டரம்மா பேருக்கு நான் எழுத மாட்டேன் வே. வேணும்னா திருநவேலிக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லும்"ன்னாரு. மடங்காத காலோட பஸ்ஸுல எப்படி ஏறுவா? அதப் போய் கிரேஸம்மாட்ட சொன்னேன். "கோர்ட்டு சொன்னத மீறி நான் எப்படி அண்ணாச்சி பாக்க? பாத்தா எங்கிளினிக்கையே மூடிருவாங்க"ன்னு சொல்லிட்டு முகத்தத் திருப்பிக்கிட்டாவ. உலகம்மாட்ட வந்து ரெண்டையும் சொன்னேன். அவ எனக்குக் காப்பி கூடத் தரல.

"அத்தான், நீங்க கொஞ்ச நாளைக்கு எனக்காக எங்கயும் போகாதீங்க"ன்னா. நான் அலையுதது அவளுக்குப் பொறுக்கல, பாவம்.

மெசினு மூலையில துணி மூடிக் கிடக்கு. கல்யாணத்துக்குத் தைக்கக் குடுத்த ரவிக்கையெல்லாம் திருப்பி வாங்கிட்டுப் போறாவ. அவ யாருட்டயும் ஒண்ணும் சொல்லல. ஆனா ஒரு சாயந்தரம் நான் போகும்போது, மெசின் முன்னால உக்காந்து, கால கையால பிடிச்சு மெதிகட்டையில வைக்கப் பாத்துக்கிட்டு இருந்தா. வைக்க முடியல. என்னப் பாத்ததும் சேலய இழுத்து விட்டுட்டு, "வாங்க அத்தான்"ன்னா. நான் உக்காராம அப்படியே திரும்பி வந்துட்டேன்.

கேஸு விசாரணைக்கு வந்துச்சு. டாக்டர் பக்கம் சாட்சி யாரு? நாந்தான். சீட்டு இல்லாமப் போன முதல் ஆளுன்னு எம்பேரக் குடுத்திருந்தாவ. வக்கீல் பாலவேசம் என்ன வச்சு மூணு நாளு பாடம் எடுத்தாரு. "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லணும். ஆமா, இல்ல. அவ்வளவுதான்"னாரு. சரின்னேன்.

கோர்ட்டுல நல்ல கூட்டம். நோயாளியள்லாம் வந்துட்டாவ. வேற போக்கிடம்? உலகம்மாவும் வடிவு தோளப் பிடிச்சுக்கிட்டு வந்து, முன் பெஞ்சுல ஓரமா உக்காந்தா. கால் நீட்டமா நடைபாதையில கிடக்கு.

கூண்டுல ஏறுனேன். சட்டக் காலர இழுத்து விட்டுக்கிட்டேன். பாலவேசம் கேட்டாரு, "இந்த பிரதிவாதி உங்ககிட்ட தன்ன டாக்டர்னு சொன்னாங்களா?"

"இல்லய்யா. நாந்தான் கூப்பிட்டேன். நான் மாட்டாஸ்பத்திரி ஐயாவையும் டாக்டர்னுதான் கூப்பிடுவேன். மருந்துக்கடைக்காரரையும் டாக்டர்னுதான் கூப்பிடுவேன். எங்க டெப்போவுல பஸ்ஸு ரிப்பேர் பாக்க மெக்கானிக் ஒருத்தரு..."

"கேட்டதுக்கு மட்டும்!"

அடுத்து கிரேஸம்மா பக்கத்து வக்கீலம்மா எந்திரிச்சாவ. "உங்க கை குணமானது யாரால?"

"ரெண்டு பேராலயும்மா. அவரு எலும்புல ஒண்ணும் இல்லன்னு சொன்னதாலதான் இவிய தைரியமா என் கையப் பிடிச்சு முறுக்குனாவ. இவிய முறுக்குனதாலதான் அவரு சொன்னது நெசம்னு எனக்குத் தெரிஞ்சுது."

ரெண்டு வக்கீலும் பேனாவ மூடிட்டாவ. ஜட்ஜம்மா சிரிப்ப அடக்கிக்கிட்டு, "போதும், இறங்குங்க"ன்னாவ. நான் இறங்கும்போது பாலவேசம் என்னமோ தாள எடுத்துக்கிட்டு வேகமா ஜட்ஜுகிட்ட போறாரு, உலகம்மா கால் தட்டி மேசையில போய் விழுந்தாரு பாருங்க! தாள் எல்லாம் பறக்கு.

ஜட்ஜம்மாவுக்குக் கோபம் வந்துட்டு. "யாரும்மா அது? கோர்ட்டுல கால நீட்டிக்கிட்டு உக்காந்திருக்கீங்க? மடக்குங்க!"

உலகம்மா எந்திரிக்கப் பாத்தா, முடியல. பெஞ்சப் பிடிச்சுக்கிட்டே சொன்னா:

"மடக்கத்தாம்மா வந்தேன். மடங்க மாட்டேங்கு. இத ஆப்பரேசன் செஞ்சவிய இந்தப் பக்கம் உக்காந்திருக்காவ. மடங்க வைக்கத் தெரிஞ்சவிய அந்தப் பக்கம் உக்காந்திருக்காவ. சீட்டு இல்லாம அவிய தொடக் கூடாதாம், இவிய சீட்டு தர மாட்டாவளாம். வாதி பிரதிவாதின்னு ரெண்டு கட்சி சொல்லுதிய. என் முட்டு எந்தக் கட்சிம்மா? அதச் சொல்லுங்க, நான் அங்க போய் உக்காந்துக்கிடுதேன்."

ஆவுடையப்பன் டாக்டர் தலையக் குனிஞ்சுக்கிட்டாரு. கிரேஸம்மா கண்ணத் தொடைக்காவ. ஜட்ஜம்மா பேனாவக் கீழ வச்சுட்டு, "ரெண்டு பேரும் சமரச மையத்துக்குப் போங்க. இப்பமே. இந்த அம்மாவையும் கூட்டிட்டுப் போங்க"ன்னாவ.

சமரச மையம்னா கோர்ட்டுக்குப் பின்னால ஒரு ரூமு. வக்கீல உள்ள விடல. என்னையும் விடல. நான் ஒட்டுக் கேக்குத ஆளு இல்ல. ஜன்னலுக்கு வெளிய வேப்பமர நிழல் நல்லா இருந்துச்சு, அங்கன நின்னேன். ஜன்னல் திறந்திருந்துச்சு.

சமரசம் பேச வந்த ஐயா என்னமோ சொல்லிக்கிட்டு இருக்காரு, யாரும் கேக்கல. ஆவுடையப்பன் டாக்டர் கண்ணு உலகம்மா முட்டு மேலயே இருக்கு. தான் செஞ்ச வேலையாச்சே. பொறுக்க முடியாம, "இப்ப எவ்வளவு மடங்குது?"ன்னு பொதுவாக் கேட்டாரு.

"பாதி கூட வராது சார். உக்காந்திருக்கதப் பாத்தாலே தெரியுது"ன்னாவ கிரேஸம்மா.

"ஏன் வராது? பிளேட்டு கச்சிதமா இருக்கு. எலும்பு சேந்துட்டு. தைரியமா அழுத்தலாம்."

"அத எனக்கு யாரு சார் சொன்னா? எலும்பு சேந்துட்டான்னு தெரியாம நான் அழுத்தி, திரும்ப ஒடஞ்சா? நீங்க ஒரு வரி எழுதிக் குடுத்திருந்தா நான் என்னைக்கோ நடக்க வச்சிருப்பேன்."

டாக்டர் நாற்காலியில சாஞ்சாரு. அப்புறம் மெதுவாச் சொன்னாரு. "எங்கிட்ட ஒருத்தன் வந்தான்மா, எப்பமோ. முதுகு வலின்னு யாரோ பயிற்சி குடுத்திருக்காங்க. உள்ள எலும்புல காசநோய். நான் பாக்கும்போது ரெண்டு காலும் போயிருந்துச்சு. எம் பயம் அதுதான். போர்டு ஒரு சாக்கு."

"எங்கிட்ட வாரவங்க பாதிப் பேரு, இறுகி முடிஞ்சப்புறம் வாராங்க சார். முன்னாலயே அனுப்பியிருந்தா கை கால் பிழைச்சிருக்கும். எங்கோபம் அதுதான். எனக்கும் போர்டு ஒரு சாக்குதான்."

அப்புறம் பாருங்க, ரெண்டு பேரும் நாற்காலிய இழுத்துப் போட்டுக்கிட்டு உலகம்மா கால நடுவுல வச்சிக்கிட்டாவ. இவரு பிளேட்டு எங்கன இருக்குன்னு தொட்டுக் காமிக்காரு, அவிய தொடைக்கு அடியில கையக் குடுத்து மெள்ள மடக்குதாவ. உலகம்மா "அம்மா தாயே"ன்னு ஒரு சத்தம். சமரச ஐயா பயந்து எந்திரிச்சிட்டாரு. "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல, வருது பாருங்க"ன்னு ரெண்டு பேரும் ஒரே குரல்ல சொல்லுதாவ. ரெண்டு பேரும் ஒத்துக்கிட்ட முதல் சங்கதி அதுதான்.

வீரவநல்லூர் தாண்டிட்டா? சுருக்கா முடிச்சிருதேன்.

ஒப்பந்தம் எழுதுனாவ. யாரு வந்தாலும் கிரேஸம்மா முதல்ல பாக்கலாம். கொஞ்சம் சந்தேகம் இருந்தாலும் உடனே டாக்டருக்கு அனுப்பணும். ஆப்பரேசன் முடிஞ்ச ஆள டாக்டர் தாமதிக்காம அங்க அனுப்பணும், படத்தோட. கரண்டு மெசினும் மெழுகு ஒத்தடமும் மாடிக்குப் போகணும். பிச்சைக்கண்ணும் கூடவே போகணும், ஆனா மெசினத் தொடைக்க மட்டுந்தான்.

போர்டு விசயத்துல மட்டும் டாக்டர் விட்டுக் குடுக்கல. டாக்டர்ங்குத எழுத்து இருக்கக் கூடாதுன்னு நின்னாரு. கிரேஸம்மா யோசிச்சுட்டு, "சரி சார், எடுத்திருதேன். தமிழ்ல மட்டும் எழுதிக்கிடுதேன்"னாவ. "தாராளமா"ன்னு கையெழுத்து போட்டுட்டாரு. புதுப் போர்டு மாட்டுன அன்னைக்கு வெளிய வந்து நிமிந்து பாக்காரு, 'கிரேஸ் பொன்மணி, இயன்முறை மருத்துவர்'. மருத்துவர்! சர்க்கார்லயே அவியளுக்குத் தமிழ்ல அதுதான பேரு. மனுசன் ஒரு நிமிசம் அப்படியே நின்னாரு. அப்புறம் சிரிச்சாரு பாருங்க, வயித்தப் பிடிச்சுக்கிட்டு. மாடியில இருந்து அவியளும் எட்டிப் பாத்துச் சிரிக்காவ. தெருவே சிரிச்சுது.

உலகம்மாவா? இப்ப மெதிகட்டைய மிதிக்கா. தீபாவளிக்குத் தச்சுத் தள்ளிட்டா. ஜட்ஜம்மா வீட்டு ரவிக்க கூட அவகிட்டத்தான் வருதுன்னு கேள்வி. நான் யாருட்டயும் சொல்லல.

என்னப் பத்தியும் ஒப்பந்தத்துல ஒரு வரி இருக்கு அண்ணாச்சி. பெருமைக்குச் சொல்லல. எல்லாருந்தான் கேஸு போடுதாவ, எவன் பேரு இப்படி ஏறும்? எனக்கு மனப்பாடம்: 'இனி இரு தரப்பாரும் நேருக்கு நேர் பேசிக்கொள்வதென்றும், மூன்றாம் நபரான குற்றாலிங்கம் வாயிலாக வரும் எந்தச் செய்தியையும் ஏற்பதில்லை என்றும், மேற்படியார் இரு வளாகத்திலும் சிகிச்சை நேரம் தவிர அமர்வதில்லை என்றும்...' வயசான மனுசன், அங்கயும் இங்கயும் எவ்வளவுதான் அலைவான்னு, ரெண்டு பேரும் யோசிச்சு எனக்கு ஓய்வு எழுதிக் குடுத்திருக்காவ. அந்த மனசு யாருக்கு வரும், சொல்லுங்க.

பாலம் வந்துட்டு. இறங்கத் தயாராகுங்க. நேரா போய் இடது பக்கம் திரும்புனா ரெண்டும் எதுத்தெதுத்தாப்புல இருக்கு. நீங்க முதல்ல எங்க போனாலும் சரிதான், ஒருத்தரு இன்னொருத்தருட்ட அனுப்பி விட்டுருவாவ. நான் உள்ள வர மாட்டேன். கோர்ட்டு மரியாதைன்னு ஒண்ணு இருக்குலா. நடுவுல ஒரு டீக்கட இருக்கு, அங்கன பெஞ்சுல உக்காந்திருப்பேன்.

வெளிய வந்ததும், அவரு என்ன சொன்னாரு, அவிய என்ன சொன்னாவன்னு மட்டும் எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டுப் போங்க.